உஷார்! ஓட்டுச்சீட்டின் கடைசி வரியில் கோர்ட் கிளார்க்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடப் போகும் தமிழர்களே, ஒரு நிமிடம் நில்லுங்கள். செனட்டர், கவர்னர் என்று பெரிய பெயர்களுக்கெல்லாம் ஓட்டுப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு திரையில் வரும் பதவிகளை மளமளவென்று தள்ளிக்கொண்டே போவீர்கள். அந்தக் கும்பலுக்குள் ‘டிஸ்ட்ரிக்ட் கிளார்க்’ என்றோ, ‘கிளார்க் ஆஃப் சுப்பீரியர் கோர்ட்’ என்றோ ஒரு வரி இருக்கும். ‘கிளார்க்தானே, யார் வந்தால் என்ன’ என்று அதைத் தாண்டிவிடாதீர்கள். உங்கள் வழக்குக் கட்டு, உங்கள் பிள்ளையின் நஷ்டஈட்டுப் பணம், உங்களுக்கு வரும் ஜூரி சம்மன், சில மாநிலங்களில் உங்கள் வீட்டுப் பத்திரம் எல்லாம் அந்த ஒருவரின் பொறுப்பில்தான் இருக்கின்றன.

டெக்சஸில் இப்படித் தாண்டிவிடும் ஆபத்து இன்னும் கூடியிருக்கிறது. ஒரு கட்சியின் பெயரை மட்டும் தொட்டால் அந்தக் கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் ஓட்டு விழும் வசதி 2020-லிருந்து அங்கே கிடையாது. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் விட்டுவிட்ட வரியை வேறு யாரோ நிரப்புகிறார்கள்.

நம் ஊர் கோர்ட்டை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் புரியாது. நம் ஊரில் சிரஸ்தாராக இருந்தாலும் பெஞ்ச் கிளார்க்காக இருந்தாலும் அரசு ஊழியர்கள். வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்து, நீதிபதிக்குக் கீழே பணிபுரிபவர்கள். அமெரிக்காவிலும் மத்திய நீதிமன்றங்களில் கிளார்க்கை நீதிபதிகள்தான் நியமிக்கிறார்கள். ஆனால் டெக்சஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, வட கரோலினா, தென் கரோலினா, லூயிசியானா, கென்டக்கி போன்ற மாநிலங்களில் உள்ளூர் கோர்ட் கிளார்க்கை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் கட்சிச் சார்போடு நிற்பார்கள். பதவிக்காலம் நான்கு ஆண்டு, கென்டக்கியில் ஆறு. டெக்சஸில் 254 கவுண்டி, ஜார்ஜியாவில் 159, கென்டக்கியில் 120, வட கரோலினாவில் 100, ஃப்ளோரிடாவில் 67. எத்தனை தேர்தல் நடக்கிறது என்று பாருங்கள். இப்படி ஜெயித்து வரும் கிளார்க் நீதிபதியின் கைப்பிள்ளை அல்ல. நீதிபதிக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

சரி, இவ்வளவு பெரிய பொறுப்புக்கு என்ன தகுதி கேட்கிறார்கள்? டெக்சஸையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். பதவியேற்கும்போது 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மாநிலத்தில் 12 மாதமும் அந்தக் கவுண்டியில் 6 மாதமும் வசித்திருக்க வேண்டும். வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும். ஃபெலனி எனப்படும் பெருங்குற்றத்தில் தண்டனை பெற்று மன்னிப்புப் பெறாதவராகவோ, மனநலம் குன்றியவர் என்று கோர்ட் தீர்மானித்தவராகவோ இருக்கக் கூடாது. அவ்வளவுதான். சட்டப் படிப்பு வேண்டியதில்லை, கல்லூரிப் பட்டம் வேண்டியதில்லை, கோர்ட்டில் ஒரு நாள்கூட வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. அதே டெக்சஸில் கடை வைத்து முடிவெட்ட வேண்டுமென்றால் 1000 மணி நேரம் பயிற்சி பெற்று லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

ஜெயித்த பிறகு சில கட்டுப்பாடுகள் வருகின்றன. உறுதிமொழி எடுக்க வேண்டும். பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டும்; டிஸ்ட்ரிக்ட் கிளார்க்குக்கு அது 5,000 டாலருக்குக் குறையாமலும் 1,00,000 டாலருக்கு மேற்படாமலும் இருக்கும். பெரிய கவுண்டிகளில் கிளார்க்கின் பொறுப்பில் கிடக்கும் பணம் இதைவிடப் பல மடங்கு என்பதை நினைவில் வையுங்கள். ஆண்டுக்கு 20 மணி நேரம் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். கென்டக்கி மட்டும் கொஞ்சம் விவரமாக நடந்துகொண்டிருக்கிறது: சர்க்யூட் கோர்ட் கிளார்க் பதவிக்கு நிற்க விரும்புபவர் தேர்வு எழுதி, ‘இவர் தகுதியானவர்’ என்று ஒரு நீதிபதியின் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும் என்று அந்த மாநில அரசியல் சாசனமே சொல்கிறது. ஏன் மற்ற மாநிலங்களும் இதைச் செய்யக் கூடாது என்பது என் ஆதங்கம்.

தவறான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் நீக்குவது சுலபமா? இல்லை. டெக்சஸ் அரசியல் சாசனப்படி திறமையின்மை, பதவி முறைகேடு, தீராத குடிப்பழக்கம் போன்ற காரணங்களுக்காக நீக்கலாம். ஆனால் புகாரை எழுத்தில் கொடுத்து, அது உண்மை என்று ஒரு ஜூரி சொல்ல வேண்டும். அதற்குள் பதவிக்காலமே முடிந்துவிடலாம். வடிகட்டும் இடம் தேர்தல் ஒன்றுதான். அங்கேதான் நாம் தூங்கிக்கொண்டிருக்கிறோம்.

தூங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கரோலினாவில் நடந்ததைப் பாருங்கள். கொலட்டன் கவுண்டியின் கோர்ட் கிளார்க்காக 2020-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெக்கி ஹில். மனைவியையும் மகனையும் சுட்டுக் கொன்றதாக வழக்கறிஞர் அலெக்ஸ் மர்டாக் மீது 2023-இல் ஆறு வாரம் நடந்த விசாரணை ஹில்லின் கோர்ட்டில்தான் நடந்தது. நாடே டி.வி.யில் பார்த்தது. ஜூரிகளைக் கவனித்துக்கொள்வது, சாட்சிப் பொருள்களைப் பாதுகாப்பது, சீல் வைத்த ஆவணங்களை யார் கண்ணிலும் படாமல் வைத்திருப்பது, கடைசியில் தீர்ப்பை எழுந்து நின்று படிப்பது எல்லாம் கிளார்க்கின் வேலை. தீர்ப்பு வந்த சில மாதங்களிலேயே அந்த வழக்கைப் பற்றி ஹில் ஒரு புத்தகம் வெளியிட்டார். மர்டாக்கின் வக்கீல்களோ, இந்தக் கிளார்க் ஜூரிகளிடம் பேசி அவர்கள் மனதைத் திருப்பப் பார்த்தார் என்று மறுவிசாரணை கேட்டார்கள். 2024 ஜனவரியில் அதை விசாரித்த நீதிபதி மறுவிசாரணை தர மறுத்தார். ஆனால் ஹில்லின் வார்த்தையை முழுதாக நம்ப முடியாது என்பதையும் சொன்னார். இதற்கிடையில் புத்தகத்தில் ஒரு பகுதி வேறொருவர் எழுத்திலிருந்து எடுத்தது என்று தெரியவந்து, அது விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. 2024 மார்ச்சில் ஹில் பதவி விலகினார். 2025 மே மாதம் கைது. 2025 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்: சீல் வைத்த படங்களை ஒரு பத்திரிகையாளருக்குக் காட்டியது, அதைப் பற்றிக் கோர்ட்டிலேயே பொய் சொன்னது, தனக்குத் தானே போனஸ் எடுத்துக்கொண்டது, பதவியை வைத்துப் புத்தகத்தை விளம்பரப்படுத்தியது. சிறை இல்லை, புரொபேஷனோடு முடிந்தது.

இதில் மர்டாக் நல்லவரா கெட்டவரா என்பது நம் கவலை அல்ல. இரட்டைக் கொலை வழக்கு ஒன்றில் ஆறு வாரம் உட்கார்ந்து கேட்ட ஜூரிகளின் தீர்ப்பு, ஒரு கிளார்க்கின் நடத்தையால் சந்தேகத்துக்கு இடமாகிவிட்டது. கொல்லப்பட்டவர்களின் குடும்பத்துக்கும் அது அநியாயம், குற்றம்சாட்டப்பட்டவருக்கும் அநியாயம்.

நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. நியூ ஆர்லியன்ஸில் கால்வின் டங்கன் என்பவர் 1981-இல் நடந்த ஒரு கொலைக்காகத் தண்டிக்கப்பட்டு, 28 ஆண்டுக்கும் மேல் சிறையில் இருந்தார். உள்ளே இருந்தபடியே சட்டம் படித்து, மற்றக் கைதிகளின் மனுக்களை எழுதிக் கொடுத்தார். ஏழைக் கைதி ஒருவர் தன் வழக்கின் போலீஸ் அறிக்கையையோ கோர்ட் பதிவையோ கேட்டு வாங்குவது எவ்வளவு பெரிய பாடு என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். அந்த ஊரில் 2005-இல் கத்ரீனா புயல் வெள்ளம் கோர்ட்டின் அடித்தளத்தில் புகுந்து சாட்சிப் பொருள்களை நாசமாக்கியதும் சேர்ந்துகொண்டது. 2011-இல் வெளியே வந்த டங்கனின் தண்டனையை 2021-இல் நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் முறைப்படி சட்டப் பட்டமும் பெற்று, 2025 நவம்பரில் அதே ஊரின் குற்றவியல் கோர்ட் கிளார்க் தேர்தலில் நின்று, பதவியில் இருந்தவரைத் தோற்கடித்தார். ஒரு காகிதம் கிடைக்காமல் போவதால் ஒரு மனிதனின் ஆயுள் எப்படிப் போகும் என்று அறிந்தவர் அந்தப் பதவியைத் தேடிப் போகிறார். நமக்கோ அந்தப் பதவியின் பெயரே தெரியவில்லை.

வட கரோலினாவில் இருப்பவர்கள், முக்கியமாக வேக் கவுண்டியில் கேரி, மோரிஸ்வில் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்கள், இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். அங்கே ‘கிளார்க் ஆஃப் சுப்பீரியர் கோர்ட்’ காகிதத்துக்கு முத்திரை குத்துபவர் மட்டும் அல்ல. பல விஷயங்களில் அவரேதான் நீதிபதி. ஒருவர் இறந்தால் அவருடைய சொத்தைப் பைசல் செய்ய யாருக்கு அதிகாரம் என்று முடிவு செய்பவர் அவர். உயிலை ஏற்பவர் அவர். தத்தெடுப்பு அவரிடம். ஒரு முதியவருக்கு நினைவு தப்பிவிட்டது, இனி இவருக்குப் பதில் இன்னொருவர் முடிவெடுக்கட்டும் என்று கார்டியன் நியமிக்கும் வழக்கும் அவரிடம்தான் வரும். ஊரிலிருந்து கிரீன் கார்டில் அழைத்து வந்த அப்பா அம்மாவுக்கு மறதி நோய் என்றால், அவர்கள் பெயரில் இங்கே ஏதாவது இருந்தால், நீங்கள் போய் நிற்கப் போவது இவர் முன்னால். இந்தப் பதவிக்கு வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

வீட்டுக் கடன் தவணை தவறி வங்கி ஏலத்துக்குப் போனாலும் அப்படித்தான். வட கரோலினாவில் பெரும்பாலான வீட்டுக் கடன் ஏலங்கள் முதலில் கிளார்க் முன்னால் ஒரு விசாரணையாக வரும். கடன் உண்மையா, தவணை தவறியதா, நோட்டீஸ் சரியாகப் போனதா என்று அவர் பார்ப்பார். அந்த நோட்டீஸ் வந்தால் கவரைப் பிரிக்காமல் வைக்காதீர்கள். அந்த விசாரணைக்குப் போகாவிட்டால் உங்கள் தரப்பைச் சொல்ல ஆளே இருக்காது. அவர் உத்தரவு பிடிக்கவில்லை என்றால் சுப்பீரியர் கோர்ட் நீதிபதியிடம் அப்பீல் செய்ய 10 நாள்தான். இன்னொன்று: உயிலில் இந்தியாவில் இருக்கும் அண்ணனையோ மச்சானையோ எக்ஸிக்யூட்டராகப் போட்டிருப்பவர்கள், அவர் சார்பில் நோட்டீஸ் வாங்க வட கரோலினாவில் வசிக்கும் ஒருவரை நியமித்தால்தான் அவர் பொறுப்பேற்க முடியும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இனி, எல்லா மாநிலத்துக்கும் பொதுவான ஓர் ஆபத்து. யாரோ உங்கள் மீது வழக்குப் போட்டுவிட்டார்கள், சம்மன் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கார் விபத்து, கிரெடிட் கார்டு பாக்கி, வீடு ரிப்பேர் செய்த கான்ட்ராக்டர் தகராறு, எதுவாகவும் இருக்கலாம். ‘நம் மேல் தப்பே இல்லை, கோர்ட்டில் கூப்பிடும்போது போய்ச் சொல்லிக்கொள்ளலாம்’ என்று நம்மவர்கள் சம்மனை மேஜை மேல் போட்டுவிடுகிறார்கள். ஊரில் வாய்தாவுக்கு மேல் வாய்தா பார்த்துப் பழகிய மனது. இங்கே அது நடக்காது. எழுத்தில் பதில் தாக்கல் செய்ய ஃப்ளோரிடாவில் 20 நாள், ஜார்ஜியாவிலும் வட கரோலினாவிலும் 30 நாள். டெக்சஸ் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் கணக்கு இன்னும் விசித்திரம்: சம்மன் கையில் கிடைத்து 20 நாள் முடிந்த பிறகு வரும் முதல் திங்கள்கிழமை காலை 10 மணிக்குள் கிளார்க்கிடம் பதில் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் எதிர்த்தரப்பு ‘டிஃபால்ட்’ கேட்கும். ஃப்ளோரிடாவில் பதிலே வராத வழக்கில் அந்த டிஃபால்டைப் பதிவு செய்பவர் கிளார்க். வட கரோலினாவில் தொகை இவ்வளவுதான் என்று தெளிவாகத் தெரியும் வழக்குகளில் கிளார்க்கே தீர்ப்பும் எழுதிவிடலாம். நீதிபதியின் முகத்தையே பார்க்காமல் வழக்கில் தோற்றுப் போவீர்கள்.

அப்போது கிளார்க் ஆபீஸ் ஜன்னலுக்கு ஓடிப் போய், ‘நான் என்ன எழுதணும்? எந்த ஃபாரம் சரி? அப்பீல் பண்ணலாமா?’ என்று கேட்பீர்கள். உள்ளே இருப்பவர், சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது என்று கைவிரிப்பார். அவர் மேல் கோபப்படாதீர்கள். அவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். வழக்கு எண் என்ன, கட்டணம் எவ்வளவு, அடுத்த தேதி எப்போது, என்னென்ன தாக்கலாகியிருக்கிறது, இதெல்லாம் சொல்வார். எது உங்களுக்கு நல்லது என்று சொல்ல மாட்டார். தெரியாத்தனமாக அவர் சொன்ன ஏதோ ஒரு வார்த்தையை நம்பி நாள் தவறவிட்டீர்கள் என்றாலும், நஷ்டம் உங்களுடையதுதான். நாள்கணக்கு விஷயத்தில் வக்கீலிடம் மட்டும் கேளுங்கள்.

ஜார்ஜியா, ஃப்ளோரிடா, லூயிசியானாவில் வீடு வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். அங்கே சொத்துப் பத்திரங்களைப் பதிவு செய்வதும் பொதுவாக இதே கோர்ட் கிளார்க் அலுவலகம்தான். டெக்சஸில் அது கவுண்டி கிளார்க்கின் வேலை. கொண்டுவரும் பத்திரம் முறைப்படி இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, நோட்டரி முத்திரை இருக்கிறதா, கட்டணம் கட்டியாயிற்றா என்று பார்ப்பார்கள். பதிவு செய்வார்கள். கையெழுத்துப் போட்டது நிஜமாகவே நீங்கள்தானா என்று விசாரிப்பது அவர்கள் வேலை அல்ல. மோசடிக்காரர்களுக்கு இது தெரியும். உங்கள் பெயரில் ஒரு ‘க்விட்க்ளெய்ம் டீட்’, அதாவது நம் ஊர் விடுதலைப் பத்திரம் மாதிரி ஒன்றை, போலியாகத் தயாரித்துப் பதிவு செய்துவிட்டு, அதைக் காட்டி விற்கவோ கடன் வாங்கவோ பார்ப்பார்கள். காலி மனை, வாடகைக்கு விட்ட வீடு, முதலாளி வெளிநாட்டில் இருக்கும் வீடு, கடன் முழுதும் அடைத்த வீடு, இவைதான் அவர்கள் குறி. வேலை போய் ஊருக்குத் திரும்பியவர்கள், அமெரிக்க வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கோயம்புத்தூரில் செட்டிலானவர்கள், ரொம்ப உஷார்! போலிப் பத்திரம் சட்டப்படி செல்லாது என்றாலும் அதைச் செல்லாது என்று நிரூபிக்க வழக்குப் போட்டு, வக்கீலுக்குப் பணம் கட்டி அலைய வேண்டியவர் நீங்கள்தான்.

தாம்பரத்தில் வாங்கிய மனைக்கு வருஷம் தவறாமல் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். அட்லாண்டா வீட்டுக்கு யார் பார்க்கிறோம்? இத்தனைக்கும் அங்கே அது இலவசம். ஜார்ஜியாவில் சுப்பீரியர் கோர்ட் கிளார்க்குகளின் கூட்டுறவு ஆணையம் ‘ஃபான்ஸ்’ என்ற சேவையை நடத்துகிறது. உங்கள் பெயரையும் முகவரியையும் ஒரு தடவை பதிந்து வைத்தால், அந்தப் பெயரில் ஏதாவது பத்திரம் தாக்கலானால் தகவல் வரும். ஃப்ளோரிடாவில் 2023-இல் கொண்டுவந்த சட்டப்படி, 2024 ஜூலை 1-லிருந்து எல்லாக் கவுண்டிகளிலும் இப்படி ஓர் இலவச எச்சரிக்கைச் சேவை இருந்தாக வேண்டும். டெக்சஸின் பல கவுண்டிகளிலும் உண்டு. இன்று இரவே உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். கணவன் பெயர், மனைவி பெயர், இனிஷியலோடு, இனிஷியல் இல்லாமல், பாஸ்போர்ட்டில் இருக்கும் மாதிரி என்று நம் பெயர்களை எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனையையும் போடுங்கள். தகப்பனார் பெயர் முன்னாலும் பின்னாலும் மாறி வரும் நமக்கு இது மற்றவர்களைவிட அவசியம்.

அடுத்தது ஜூரி சம்மன். இதில் இரண்டு ஆபத்து, இரண்டும் பெரியது.

முதலாவது போலி ஃபோன். ‘நான் கிளார்க் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், ஜூரி கடமைக்கு நீங்கள் வரவில்லை, உங்கள் மேல் வாரண்ட் இருக்கிறது, இப்போதே அபராதம் கட்டினால் கைது இல்லை’ என்பார்கள். திரையில் நிஜமான கோர்ட் நம்பர் மாதிரியே தெரியும். விசாவில் இருப்பவர்களும், மகன் வீட்டுக்கு வந்திருக்கும் பெற்றோரும் வாரண்ட் என்ற சொல்லிலேயே நடுங்கிப் போவார்கள். ‘அப்பா, யாராவது போலீஸ், கோர்ட்டுன்னு பேசினா உடனே கட் பண்ணிடுங்க, என்கிட்ட சொல்லுங்க’ என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள். எந்தக் கோர்ட் கிளார்க்கும் ஃபோனில் பணம் கேட்க மாட்டார். கிஃப்ட் கார்டு, பிட்காயின், ஸெல் இவற்றில் எதைக் கேட்டாலும் அது திருட்டு. ஃபோனை வைத்துவிட்டு, கவுண்டியின் அதிகாரப்பூர்வத் தளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

இரண்டாவது, நிஜமாகவே தபாலில் வரும் சம்மன். ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களின் பட்டியலிலிருந்தும் பெயர் எடுக்கிறார்கள் என்பதால் ஹெச்-1பி விசாக்காரர்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் அது வந்து சேர்வதுண்டு. குடியுரிமை இல்லாதவர் ஜூரியாக இருக்க முடியாது. அதற்காகச் சம்மனைக் குப்பையில் போடக் கூடாது. டெக்சஸில் பதில் சொல்லாமல் விட்டால் 100 முதல் 1,000 டாலர் வரை அபராதம் போட வழி உண்டு. ‘நான் குடிமகன் அல்ல’ என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்ப வேண்டும். அவசரத்திலோ பயத்திலோ ‘குடிமகன்’ என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டால்? குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்னதாக அது எடுத்துக்கொள்ளப்படலாம். குடியேற்றச் சட்டத்தில் அதற்கு மன்னிப்பு மிக அரிது. பத்து, பதினைந்து வருஷம் காத்திருந்த கிரீன் கார்டு ஒரு பேனாக் கோட்டில் போய்விடக்கூடும்.

இதைவிடக் கவலையாக இருப்பது புதிதாகக் குடியுரிமை வாங்கியவர்கள் செய்யும் ஒரு காரியம். ‘வேலைக்கு லீவு போட முடியாது, குடிமகன் இல்லைன்னு டிக் பண்ணி அனுப்பிடு’ என்று நண்பர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். செய்யவே செய்யாதீர்கள். டெக்சஸ் சட்டப்படி, குடிமகன் அல்ல என்று சொல்லி விலகியவர்களின் பெயரையும் முகவரியையும் கோர்ட் கிளார்க் பட்டியல் எடுத்து, மாதாமாதம் வாக்காளர் பதிவு அதிகாரிக்கும் மாநிலச் செயலாளர் அலுவலகத்துக்கும் அரசு வழக்கறிஞருக்கும் அனுப்ப வேண்டும். நீங்கள் வாக்காளர் பட்டியலில் இருந்தால், ‘குடிமகன் அல்லாத இவர் எப்படி ஓட்டுப் போட்டார்’ என்ற கேள்வி எழும். பெயர் நீக்கப்படலாம், விசாரணைகூட வரலாம். ஜூரிக்குப் போவதைத் தள்ளிவைக்க முறையான வழிகள் சம்மனிலேயே அச்சிட்டிருக்கும். அவற்றைப் பயன்படுத்துங்கள், பொய் வேண்டாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விபத்தில் அடிபட்ட குழந்தைக்கு வரும் நஷ்டஈடு டெக்சஸில் பல வழக்குகளில் கோர்ட் கணக்கில், கிளார்க்கின் பாதுகாப்பில், பிள்ளைக்கு 18 வயதாகும்வரை இருக்கும். வயது வந்ததும் தானாக வீடு தேடி வராது. மனுப் போட்டுக் கேட்க வேண்டும். வழக்கு எண்ணைப் பத்திரமாக எழுதி வையுங்கள். அதே போல் சொத்து வரி பாக்கிக்காக ஏலம் போன வீட்டில், பாக்கி போக மீதிப் பணம் இருந்தால் அதுவும் கிளார்க்கிடம் வரும். டெக்சஸில் அதைக் கேட்க ஏலம் நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். இதைத் தெரிந்துகொண்டு, ‘உங்களுக்கு வர வேண்டிய பணத்தை வாங்கித் தருகிறோம், பாதி எங்களுக்கு’ என்று அழைக்கும் கூட்டம் இருக்கிறது. அந்தப் பணத்தை வாங்கித் தரும் வக்கீல் 25 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது என்பதே டெக்சஸ் சட்டம்.

இத்தனையும் ஓர் அலுவலகம். அந்த அலுவலகத்தின் தலைவரை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். துணைக் கிளார்க்குகளின் வேலைகூட டெக்சஸில் அந்தத் தலைவரின் விருப்பத்தைப் பொறுத்தது. அனுபவமுள்ளவர்களை அவர் ஒரே நாளில் அனுப்பிவிட்டுத் தன் ஆட்களைக் கொண்டுவரலாம். ஆகவே வேட்பாளரைப் பற்றி விசாரியுங்கள். கோர்ட் அலுவலகத்தில் வேலை பார்த்திருக்கிறாரா? இத்தனை ஊழியரையும் இத்தனை பணத்தையும் இதற்குமுன் எங்கேயாவது நிர்வகித்தாரா? இப்போது பதவியில் இருப்பவர் என்றால், தணிக்கை அறிக்கையில் என்ன சொல்லியிருக்கிறார்கள்? கட்டுகள் காணாமல் போன புகார் உண்டா? உங்களுக்குத் தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால் ஃபோன் போட்டு, ‘இந்தக் கிளார்க் ஆபீஸ் ஒழுங்காக நடக்கிறதா சார்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். வக்கீல்களுக்கு அது நன்றாகத் தெரியும். பல கவுண்டிகளில் ஒரே கட்சிதான் எப்போதும் ஜெயிக்கும். அங்கே நிஜமான போட்டி பிரைமரியிலேயே முடிந்துவிடுகிறது. பிரைமரிக்குப் போகாமல் நவம்பரில் மட்டும் போவது பாதி ஓட்டைத் தொலைப்பதுதான். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்குக் கவுண்டி வேட்பாளர்கள் வந்து கைகுலுக்கிவிட்டுப் போகிறார்களே, அப்போது மாலை போடுவதோடு நிறுத்தாமல் இந்தக் கேள்விகளை மைக்கில் கேளுங்கள்.

டெக்சஸில் டிஸ்ட்ரிக்ட் கிளார்க், கவுண்டி கிளார்க் பதவிகள் 2026 நவம்பர் 3 தேர்தலில் இருக்கின்றன. ஜார்ஜியா, ஃப்ளோரிடாவில் 2028-இல் வருகின்றன. ஓட்டுரிமை உள்ளவர்கள் கவுண்டியின் மாதிரி ஓட்டுச்சீட்டை முன்கூட்டியே இறக்கிப் பாருங்கள், அந்த வரியில் இருக்கும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் செலவழித்து விசாரித்துவிட்டு ஓட்டுச்சாவடிக்குப் போங்கள்.